அஞ்சு பேருக்கு நாலு சைக்கிள்

மட்டக்களப்பில் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் பதினாறு, பதினேழு வயதில் இருந்தவர்கள் ஒன்றுகூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு சைக்கிள் பயணத்தில்தான் போய் நிற்கும். பாசிக்குடாவுக்குப் போனது, மண்டூர்த் திருவிழாவுக்குப் போனது, கொக்கட்டிச்சோலைத் தேர் பார்த்துவிட்டு விடிய வந்தது. போன் இல்லை, இன்டர்நெட் இல்லை, என்ன காலமடா அது என்று பெருமூச்சும் வரும். அந்தப் பயணங்கள் தன்பாட்டில் நடந்தவை போலப் பேசுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அதற்கென்று ஒரு கைவேலை இருந்தது. ஆர் முன்னுக்குப் போவது, பம்ப் ஆரிடம் இருப்பது, எவ்வளவு நேரம் காத்து நிற்பது, எந்தச் சம்பல் மத்தியானம் வரைக்கும் தாங்கும் என்பதெல்லாம் தெரிந்த பொடியன்கள் போய் வந்தார்கள். தெரியாதவர்கள் ஆரையம்பதியோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். விடியற்காலை டவுனிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைத்துறை. அங்கே பாதையில் ஏறி வாவியைக் கடந்தால் படுவான்கரை. கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, பறங்கியர் முன்னால் புல் தின்றதாகச் சொல்லப்படும் கல் நந்தியைப் பார்த்துவிட்டு, தெற்கே பழுகாமம், போரதீவு, மண்டூர். மண்டூரில் மறுபடியும் பாதை. குருமண்வெளித் துறையில் இறங்கினால் எழுவான்கரை. களுவாஞ்சிக்குடியிலிருந்து கடற்கரை றோட்டால் வடக்கே வீடு. எல்லாம் சேர்த்து 70 கிலோமீற்றருக்கு முன்பின் வரும். வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் ‘பாதை’ என்றால் நடக்கிற வழி மட்டுமல்ல. ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடத்துகிற தட்டை மிதவைக்கும் அதுதான் பெயர். சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை, படும் பக்கத்துக் கரை படுவான்கரை.

நாள் குறிப்பதில்தான் முதல் கெட்டித்தனம். போயாவைத்தான், அதாவது பௌர்ணமி நாளைத்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பது ஒரு காரணம். மற்றது, அன்றைக்குப் பொழுது படும் நேரத்திலேயே நிலவு கிளம்பிவிடும். வரும் வழியில் பஞ்சராகி இருட்டுப்பட்டாலும் றோட்டு தெரியும். போயாவுக்கு இரண்டு நாள் பிந்தினால் நிலவு வர இரவு எட்டு மணியை நெருங்கிவிடும், அந்த இடைவெளியில்தான் ஆட்கள் மதகுக்குள் விழுவது. கார்த்திகை, மார்கழி, தையில் இந்த வழியை நினைக்கவே கூடாது. மாரி மழையில் வாவி நிரம்பி, படுவான்கரை றோட்டுகள் வயலோடு சமமாகிவிடும். மாசி கழிந்து ஆவணி வரைக்கும் நல்ல காலம். ஆனால் வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று, துறை கடந்து மேற்கே மிதிக்கும்போது நேரே முகத்தில் அறையும். அதனால் மேற்கே போகிற துண்டை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். காலை ஏழு மணிக்குப் பாதை ஏற வேண்டும் என்ற கணக்கு இதிலிருந்துதான் வந்தது. பக்தியில் வந்ததல்ல.

பக்தி வேறு இடத்தில் உதவியது. “கடல் குளிக்கப் போறம்” என்று வீட்டில் கேட்டால் கிடைக்காத அனுமதி, “மண்டூர்க் கோயிலுக்கு” என்றால் கிடைக்கும். சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற கோயில், திரை போட்டே பூசை, முருகனிடம் போகிற பிள்ளைகளை மறிக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. கூடவே நேர்த்திக்கடன் உண்டியல் காசும் கைக்கு வரும். அதைச் செலவழித்தவர்களும் உண்டு, முருகன் கணக்கு வைத்திருப்பார்.

இனி, சொன்ன நேரம். போன் இல்லாத காலத்துச் சிநேகிதத்தின் முதுகெலும்பு இதுதான். ஒருவன் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து வர வேண்டுமானால், ஒரு கிழமைக்கு முந்தியே தபாலட்டை போக வேண்டும். தபால் போக மூன்று நாள், பதில் வர மூன்று நாள். அட்டையில் நலம் விசாரிப்பெல்லாம் இராது. இப்படித்தான் இருக்கும்: “வாற போயா, விடிய 5.30, ஆரையம்பதிச் சந்தி. 6 மணி மட்டும் நிப்பம். பதில் போடாட்டி வாறாய் எண்டு அர்த்தம். பிந்தினா துறைக்கு வா. துறையிலயும் இல்லாட்டி பின்னால வராத, வீட்ட போ.”

இந்த அட்டையில் தேவையான ஐந்தும் இருக்கின்றன. நாள், இடம், எவ்வளவு நேரம் நிற்பது, பதில் வராவிட்டால் என்ன பொருள், தவறவிட்டால் அடுத்து எங்கே. கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டவர்களின் பயணங்கள்தான் கெட்டன. பதில் வரவில்லை என்று இவர்கள் போகாமல் இருப்பார்கள், அவன் சந்தியில் தனியாக நிற்பான். அல்லது அவன் பின்னால் துரத்திக்கொண்டு வர, இவர்கள் அவனைத் தேடித் திரும்பிப் போக, இரண்டு பேரும் வெவ்வேறு றோட்டில் ஒருவரையொருவர் தாண்டிவிடுவார்கள். அரை மணி நேரம் நிற்பது என்றால் அரை மணிதான். சந்தியில் உள்ள தேத்தண்ணிக் கடைக்காரரிடம் “இப்பிடி ஒருத்தன் வந்தா, நாங்க துறைக்குப் போயிட்டம் எண்டு சொல்லுங்க அண்ணன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். அப்படிச் சொல்கிற கடையில் ஒரு பிளேன்டீயாவது குடித்திருக்க வேண்டும். சும்மா சொல்லிவிட்டுப் போனால் கடைக்காரர் மறந்துவிடுவார்.

இப்போது ‘ஒன் த வே’ என்று குளிக்க முன்னமே மெசேஜ் போடலாம். அப்போது பிந்துகிறவனுக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை, ஆகவே பிந்தக்கூடாது. வருவேன் என்று சொன்னவன் வந்தான். வேறு வழியில்லாததால் வந்த ஒழுக்கம் அது, குணத்தின் பெருமை பாதிதான்.

சைக்கிளுக்கு வருவோம். றலி, ஹம்பர். எல்லாம் 28 அங்குலச் சில்லு, உயரமான பார், கம்பி பிறேக். அஞ்சு பேர் சேர்ந்தால் நாலு சைக்கிள்தான் இருக்கும், அதிலும் இரண்டு அப்பாவுடையதோ மாமாவுடையதோ. மறுநாள் வேலைக்குப் போக அவருக்கு அது வேண்டும். ஆகவே ஒரு சைக்கிள் எப்போதும் டபிள். டபிள் போவது பிடிபட்டால் பொலிஸ் தண்டம், அது தனிக் கதை. டபிள் போகிற சைக்கிள்தான் முன்னுக்குப் போக வேண்டும். வேகமானவன் முன்னுக்குப் போனால் வரிசை ஒரு மைலுக்கு இழுபடும், மெதுவானவன் முன்னுக்குப் போனால் எல்லோரும் பேசிக்கொண்டே போகலாம். பம்பும் ஒட்டுச் சாமானும் வைத்திருப்பவன் கடைசி. எவனுக்குப் பஞ்சரானாலும் பம்ப் அவனைத் தேடி வரும், அவன் பம்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. பம்ப் வைத்திருப்பவனே முன்னால் பறந்துபோய்விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தி வந்தால் முன்னுக்குப் போகிறவன் நிற்க வேண்டும், கடைசி ஆள் கண்ணில் தெரியும் மட்டும் கிறுகக்கூடாது. பிரிந்துவிட்டால் முன்னால் போனவர்கள் அசையக்கூடாது. அரை மணி பொறுத்து ஒருவன் மட்டும் திரும்பிப் பார்க்கப் போகலாம். இரண்டு பேர் போனால் மறுகா அவர்களைத் தேட இரண்டு பேர் வேண்டும்.

டபிள் ஏற்றுகிறவன் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருவன் என்பது நல்ல கணக்கு. தார் றோட்டில் ஆள் கரியரில் இருக்கலாம். கிரவலில் கரியரில் இருந்தால் பின் சில்லின் கம்பிக்குக் கேடு. பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களில் முன்னுக்கு 32 கம்பியும் பின்னுக்கு 40 கம்பியும் இருப்பது அந்தப் பாரத்துக்காகத்தான். அப்படியும் உடையும், பெரும்பாலும் பிறீவீல் பக்கம். உடைந்த கம்பியை அப்படியே விட்டால் செயினில் சிக்கும். அதைப் பக்கத்துக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சில்லு ஆடி பிறேக் கட்டையில் உரசினால் பிறேக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வீடு வந்து சேரலாம். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்று காலில் ஒரு தட்டுத் தெரிந்தால், மிதியின் தண்டை அச்சோடு பூட்டுகிற கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் இறுக்கினால் புரி அறுந்துபோகும். மறுபக்கம் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, பின்னின் தலையில் மெல்லத் தட்டி உள்ளே இறக்கிய பிறகுதான் நட்டை இறுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் உள்ளே உள்ள குண்டுகள் நசியும். செயினுக்குத் தேங்காயெண்ணெய் போடுவது எங்கள் ஊரின் பெரிய பாவம். அது பசையாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டுப் போதும், துணியால் துடைத்து வெளிப்பக்கம் காய விட வேண்டும்.

பஞ்சர் வராமல் இந்தப் பயணம் முடிந்ததில்லை. காற்றுப் போனவுடனே ரயரைக் கழற்றத் தொடங்குவது புதியவனின் வேலை. முதலில் காற்றடிக்கிற வாயில் இருக்கும் வால்கட்டையைப் பார்க்க வேண்டும். வாயில் எச்சில் தொட்டு வால்கட்டையின் நுனியில் வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரியும். வந்தால் குற்றம் உள்ளே இருக்கிற வால் ரியூபில். ஓர் அங்குல நீளச் சின்ன ரப்பர்க் குழாய்தான் அது. வெயில் சூட்டில் இளகி ஒட்டிவிடும், அல்லது வெடித்துவிடும். பழையதை நகத்தால் சுரண்டி எடுத்து, புதியதை எச்சிலில் நனைத்து ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்தபடி ஏற்றினால் கிழியும். இரண்டு துண்டு வால் ரியூபைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தவன் கூட்டத்தில் மதிப்பானவன்.

வால்கட்டையில் பிழையில்லை என்றால்தான் ரயர். சைக்கிளைச் சீற்றிலும் ஹாண்டிலிலும் தலைகீழாக நிறுத்த வேண்டும், சில்லைக் கழற்றத் தேவையில்லை. வால்கட்டையை உருவி மிச்சக் காற்றையும் விட்டுவிட்டு, ரயரின் விளிம்பை இரண்டு கையாலும் அமுக்கி றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்கினால் எதிர்ப்பக்கம் தளர்ச்சி கிடைக்கும். அங்கே கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டும். காம்பு உள்ளே அதிகம் போனால் ரியூபையும் கிள்ளிவிடும், பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். ரியூபை வெளியே இழுத்துக் காற்றடித்து உதட்டருகே கொண்டுபோனால் ஓட்டை எங்கே என்று உதடு சொல்லும். கைக்கு அது தெரியாது. வாவித் தண்ணியில் அமிழ்த்தியும் பார்க்கலாம், ஆனால் உப்புத் தண்ணி காய்ந்தாலும் ஒட்டைக் கெடுக்கும், நல்ல தண்ணியில் கழுவித் துடைத்தால்தான் சொலுசன் என்கிற ஒட்டுப் பசை பிடிக்கும்.

ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் தேய்த்து, பளபளப்புப் போன பிறகு சொலுசனை மெல்லியதாகப் பூச வேண்டும், ஒட்டுத் துண்டிலும் அப்படியே. பிறகு காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம். விரலால் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும். இங்கேதான் பொறுமை போய் ஈரத்தோடேயே அமுக்குவார்கள், இரண்டு மைலில் ஒட்டு வழுக்கிக் கழரும். அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ரயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேடுவது. நெருஞ்சி முள் வெளியே தலை தெரியாமல் உள்ளே நுனி காட்டி நிற்கும். அதை எடுக்காமல் ஒட்டுப் போட்டு ஏற்றினால் அதே இடத்தில் மறுபடி குத்தும். “சொலுசன் சரியில்லடா” என்று கடைக்காரரைத் திட்டியவர்களில் பாதிப் பேர் முள்ளைத் தேடாதவர்கள். ஒட்டிய பிறகு ஸ்பனர்ப் பிடியால் தட்டி, கொஞ்சம் சோக்குத் தூள் தூவி, ரியூபை முறுக்கில்லாமல் உள்ளே வைத்து, கடைசி அரைச் சாண் ரயரைக் கையாலேயே ஏற்ற வேண்டும். அங்கே கரண்டி போட்டால் புது ஓட்டை. பின் ரயரில் பெருவிரலால் அமுக்கினால் அசையாத அளவு காற்று, டபிள் சைக்கிளுக்கு இன்னும் பத்து அடி கூட.

துறையில் பாதை நிரம்பினால்தான் கிளம்பும். அவசரப்பட்டுப் பயனில்லை. வாகனம் முதலில், சைக்கிள் பிறகு ஓரத்தில். ஈரப் பலகையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏற நினைப்பவன் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். பாசி படிந்த பலகையில் முன்சில்லு குறுக்கே வழுக்கும். இறங்கி, பிறேக் பிடிக்காமல், பலகைக்கு நேராக உருட்ட வேண்டும். நடுவாவியில் காற்றுப் பிடித்தால் பாதை ஒரு பக்கம் சாயும், சைக்கிளைச் ஸ்டாண்டில் விடாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் புத்தி. மண்முனையில் 2014இல் பாலம் வந்துவிட்டது. மூன்று நிமிடத்தில் கடக்கலாம். ஆனால் பாதையில் நின்ற அந்த அரை மணியில்தான், பக்கத்தில் நெல் மூட்டையோடு நின்ற பெரியவர் “எந்த ஊர்ப் பொடியனுகள்? ஆருட மகன்?” என்று கேட்டு, கடைசியில் சொந்தம் கண்டுபிடித்து, மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்வார். அப்படிக் கூப்பிட்டால் போவது ஒழுங்கு. போகாவிட்டால் அந்தச் செய்தி உங்களுக்கு முந்தி வீட்டுக்கு வந்துசேரும், போன் இல்லாமலே.

சாப்பாட்டில் தேங்காய்தான் எதிரி. தேங்காய்ச் சம்பலும் தேங்காய் கூடிய புட்டும் பதினொரு மணிக்கே புளிக்கத் தொடங்கும். கட்டிக்கொண்டு போக ஏற்றது நெருப்பில் வாட்டிய வாழையிலையில் சோறு, வதக்கிய மாசிக் கருவாட்டுச் சம்பல், பொரித்த கருவாடு, அவித்த முட்டை. சோற்றை ஆற விட்டுக் கட்ட வேண்டும். அம்மாமார் விடிய எழும்பி ஆக்கிச் சுடச்சுடக் கட்டித் தந்தால், இலைக்குள் வேர்த்துப் பழுதாகும். “ஆறட்டும் அம்மா” என்று சொல்ல எவனுக்கும் நேரமிருக்காது, அதனால் முதல் சந்தியில் நிற்கும்போது பொதியைக் கொஞ்சம் அவிழ்த்து ஆவி போக விடுவார்கள். பாணும் வாழைப்பழமும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நிலக்கடலைக்கும் எங்கள் ஊரில் கச்சான் என்றுதான் பேர். ஒரு கச்சானை முகத்தில் வாங்கிக்கொண்டு மற்றக் கச்சானைக் கொறித்துக்கொண்டு போகலாம்.

படுவான்கரைக்குப் போய்விட்டு எருமைத் தயிர் இல்லாமல் வர முடியாது. இதை அனுபவமில்லாதவர்கள் உடைத்துத்தான் படித்தார்கள். தயிர்ச் சட்டியை ஹாண்டிலில் தொங்கவிட்டால் ஊசலாடிப் பார்க் கம்பியில் மோதும். கரியரில் கட்டினால் கிரவல் அதிர்வில் தயிர் கலங்கித் தண்ணி விடும், சட்டியின் அடியும் கீறும். சரியான இடம் டபிள் போகிறவனின் மடி. வைக்கோலை வட்டமாகச் சும்மாடு போல முறுக்கி மடியில் வைத்து, அதன் மேல் சட்டி, வாயில் வாழையிலை, அதன் மேல் கயிறு. மண்சட்டி வேர்த்து அவனுடைய காற்சட்டை நனையும். அந்த நனைவில்தான் தயிர் குளிர்ச்சியாக இருக்கிறது, சட்டியைப் பொலித்தீனில் சுற்றினால் வேர்க்காது, தயிரும் புளிக்கும். அதனால் தயிர் வாங்கிய பிறகு டபிள் இருக்கிறவன் மாறக்கூடாது. அதுவரை மிதிக்காமல் தப்பியவனுக்குத் தண்டனை போலவும் ஆயிற்று.

குளிப்பதில் விளையாட்டு இல்லை. வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. ஊர்ச்சனம் எந்த இடத்தில் துணி துவைத்துக் குளிக்கிறதோ அங்கே மட்டும், அவர்கள் இருக்கும்போது மட்டும். வெறிச்சென்று கிடக்கிற துறை அழகாக இருக்கிறது என்றால், வெறிச்சென்று கிடப்பதற்குக் காரணம் இருக்கும். வாவிக்கரைச் சுரியில் கால் புதைந்தால் இழுக்காமல், பின்பக்கம் சாய்ந்து உடம்பைப் பரத்தி மெல்ல எடுக்க வேண்டும். கடல் என்றால் பாசிக்குடா வேறு, கல்லடி வேறு. பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவுதான், நீந்தத் தெரியாதவனும் கூட வரலாம். கல்லடியில் கரை சட்டென்று சரிந்து இறங்கும், அலை திரும்பும்போது காலடி மணலையும் கூட்டிக்கொண்டு போகும். இந்த வித்தியாசம் தெரியாமல் பாசிக்குடாத் தைரியத்தைக் கல்லடிக்குக் கொண்டுவந்து உயிரை விட்ட பிள்ளைகள் உண்டு.

காசு ஒருவனிடம்தான். எல்லோரும் போட்டதைச் சேர்த்து, பாதைக் காசு, தேத்தண்ணி, தயிர் என்று அவன் கொடுப்பான். ஆனால் ஒருவனுக்கு வீடு திரும்பும் பஸ் காசை மட்டும் தனியே மடித்து வேறொருவனின் சீற்றுக்கடியில் செருகி வைப்பார்கள். அடிபட்டால் ஒருவன் பஸ்ஸில் போய்ச் செய்தி சொல்ல வேண்டும், அதற்கான காசு அது. பொதுப்பணம் தீர்ந்தாலும் அதைத் தொடக்கூடாது.

கமெரா இருந்தால் ஒரு றோல், 36 படம். அஞ்சு பேருக்கு ஆளுக்கு ஏழு, மிச்சம் ஒன்று கோயிலுக்கு. பிலிம் போடும்போது நிழலில் நிற்க வேண்டும். போட்டு மூடிய பிறகு சுற்றும்போது, இடப்பக்கத்து றீவைண்ட் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழலாவிட்டால் பிலிம் பல்லில் பிடிக்கவில்லை, நாள் முழுக்க வெறும் பெட்டியைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏஎஸ்ஏ 100 பிலிமுக்குக் கடற்கரை நடுவெயிலில் 125இல் ஒரு பங்கு வினாடி, துவாரம் 16. ஆட்கள் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் துவாரத்தை 8க்குத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கடலும் கறுப்பு முகமும்தான் வரும். மட்டக்களப்பு வீடுகளில் அப்படி முகம் தெரியாத படங்கள் நிறைய இருக்கின்றன. இவன் ஆர் என்று சட்டையை வைத்துத்தான் சொல்வார்கள். 1978 சூறாவளியிலும் பின்னால் வந்த இடப்பெயர்வுகளிலும் எத்தனையோ அல்பம் போயிற்று. நெகட்டிவ் எவரிடமாவது மிஞ்சியிருந்தால், பங்கசு பிடிக்குமுன் அதை ஸ்கான் செய்வதுதான் வேலை. படத்தை விட நெகட்டிவில் விபரம் கூட.

கவலையில்லாத காலம் என்று இதைச் சொல்வதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. கவலை வீட்டில் இருந்தது. விடிய நாலு மணிக்குப் போன பிள்ளை இருட்டும் மட்டும் எங்கே என்று தெரியாமல் கடப்படியில் நின்ற அம்மாவிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். இன்னொன்று, இது பொடியன்களின் சுதந்திரம் மட்டும்தான். அதே வீட்டில், அதே வயதில், அதே சைக்கிளை நன்றாக ஓட்டக்கூடிய அக்காவோ தங்கச்சியோ அதில் ஊர் தாண்டியதில்லை. 1983க்குப் பிறகு போரால் பயணங்கள் சுருங்கின, 1990 ஜூனில் மறுபடி மூண்ட சண்டையோடு நின்றே போயின. சென்றி என்கிற காவலரண் வந்தது, இறங்கி உருட்டு, அடையாள அட்டை காட்டு. அஞ்சு பொடியன்கள் கூட்டமாகப் போவதே சந்தேகத்துக்குரிய காரியமாயிற்று. அந்த வருடங்களில் பதினாறு வயதானவர்களுக்கு இப்படி ஒரு பயணம் கிடைக்கவேயில்லை. அவர்களிடம் இந்தக் கதைகளைச் சொல்லும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

இப்போது போக விரும்பினால் வழி அப்படியே இருக்கிறது. 2013இல் கல்லடியில் புதுப்பாலம் திறந்த பிறகு பழைய இரும்புப் பாலத்தில் வாகன நெரிசல் இல்லாமல் மிதிக்கலாம். மண்டூர்ப் பாதை ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று முன்நாளே களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படுவான்கரையில் யானை நடமாட்டம் இருப்பதால் பின்னேரம் நாலு மணிக்குள் மண்டூருக்கு வந்துவிட வேண்டும். அஞ்சு பேரில் ஒருவரிடம் மட்டும் போன், அதுவும் நிறுத்திப் பையின் அடியில். அஞ்சு பேரும் போன் கொண்டுபோனால் சந்தியில் எவனும் நிற்கமாட்டான், “லொக்கேஷன் போடு” என்று கத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நிலவுக்குக் கல்லடிப் பாலத்தடிக்கு வந்துசேர்ந்தால், தோணிக்காரரிடம் கேட்டு நடுவாவிக்குப் போய், துடுப்பைத் தண்ணிக்குள் அமிழ்த்தி மேல்நுனியில் காதை வைத்துப் பாருங்கள். சித்திரை முதல் புரட்டாதி மட்டும், காற்றில்லாத இரவில் மீன் பாட்டுக் கேட்க வாய்ப்பு உண்டு. பேசினால் கேட்காது, அஞ்சு பேர் கொண்ட கூட்டத்துக்கு அதுதான் பெரிய சோதனை.

வீடு வந்ததும் படுக்கக்கூடாது. கடற்கரை றோட்டின் உப்பும் வாவித் தண்ணியும் ஒரே இரவில் றிம்மில் துரு ஏற்றும். நல்ல தண்ணி ஒரு வாளி ஊற்றித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். இரவல் சைக்கிள் என்றால் இன்னும் கவனம். புறப்படும் முன்னமே, சீற்றை உயர்த்துமுன், சீற் குழாயில் ஆணியால் ஒரு சின்னக் கீறல் போட்டிருக்க வேண்டும். வந்ததும் சீற்றை அந்தக் கீறலுக்கு இறக்கி நட்டை இறுக்கி, இரண்டு சில்லுக்கும் காற்றடித்து, தாழ்வாரத்தில் முதலில் எப்படிச் சாத்தியிருந்ததோ அதே பக்கம் ஹாண்டிலைத் திருப்பி வைக்க வேண்டும். தயிர்ச் சட்டியைக் குசினியில் வைத்துவிட்டு மெல்லக் கதவைச் சாத்தினால், மறுநாள் காலையில் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு எதுவும் பேசாமல் வேலைக்குப் போய்விடுவார்.